மூழ்கிய கப்பல் விலைக்கு

2018 நவம்பரில் கஜா புயல் அடித்து ஓய்ந்த இரண்டு மாதத்துக்குப் பிறகு, நாகப்பட்டினத்தில் இருக்கும் என் மைத்துனன் ஒரு யோசனை கேட்பதற்காக வந்தான். யோசனை கேட்க வருகிறவர்கள் பெரும்பாலும் முடிவு செய்துவிட்டுத்தான் வருவார்கள். அவனும் அப்படித்தான். புயலில் மூழ்கிச் சேற்றில் பன்னிரண்டு நாள் கிடந்த ஒரு பைபர் படகு. எஞ்சினோடு சேர்த்து விலை சொல்லியிருக்கிறார்கள். புதுப் படகின் விலையில் கால் பங்குதான்.

"தண்ணியில கெடந்தா என்ன அத்தான்? படகுன்னா தண்ணியிலதானே கெடக்கணும்?" என்றான்.

கேள்வி நியாயமானதாகத்தான் பட்டது. ஆனால் தண்ணீர்மேல் கிடப்பதற்கும் தண்ணீருக்கடியில் கிடப்பதற்கும் உள்ள வித்தியாசம் கொஞ்சம் பெரிது. பணத்துக்கு என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டேன். பதில் சொல்லாமல் உள்ளே பார்த்தான். உள்ளே அவன் மனைவி என் மனைவியோடு பேசிக்கொண்டிருந்தாள். அவள் கழுத்தில் கிடந்த இரட்டைவடச் சங்கிலி அப்போது என் கண்ணில் பட்டது. விஷயம் புரிந்துவிட்டது.

படகைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. கதை எழுதுகிறவனிடம் படகைப் பற்றிக் கேட்டால் அவன் இன்னொரு கதையைத்தான் சொல்வான். நான் சொன்ன கதை இதுதான். இது கட்டிய கதை அல்ல, நடந்தது.

ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னி என்று ஒரு தீவுக் கூட்டம் இருக்கிறது. அந்தத் தீவுகள் சுற்றிலும் அரண் போல நிற்க, நடுவில் ஒரு பெரிய கடல் ஏரி. அதற்கு ஸ்காப்பா ப்ளோ என்று பெயர். முதல் உலக யுத்தத்தில் பிரிட்டிஷ் கடற்படையின் முக்கியமான தங்குமிடம் அதுதான். 1918 நவம்பரில் யுத்தம் நின்றதும், ஜெர்மனியின் பெருங்கடற்படையில் 74 கப்பல்களைக் கொண்டுவந்து அங்கே நிறுத்தினார்கள். பெரிய போர்க்கப்பல்கள் 16, சிறு க்ரூஸர்கள் 8, நாசகாரிகள் 50. சமாதான மகாநாட்டில் பெரியவர்கள் கூடி, யாருக்கு எந்தக் கப்பல் என்று பங்கு பிரிக்கும்வரை அவை அங்கே காத்திருக்க வேண்டும். பாகப் பிரிவினை வழக்கு முடியும்வரை வீட்டுப் பாத்திரங்களை மூன்றாம் மனிதர் வீட்டில் வைப்பதில்லையா, அது போல.

அந்தக் கப்பல்களுக்கு அதிபதியாக இருந்தவர் ரியர் அட்மிரல் லுட்விக் பான் ராய்ட்டர். பாவம், அவருக்கு எதிரியைவிடச் சொந்த மாலுமிகளால்தான் தொல்லை அதிகம். ஜெர்மனியில் புரட்சி வெடித்திருந்த சமயம். அவருடைய கொடிக் கப்பலிலேயே மாலுமிகள் அவர் படுக்கும் அறைக்கு மேல்தளத்தில் நின்று இரவெல்லாம் 'தொம் தொம்' என்று மிதிப்பார்களாம். தூக்கம் கெட்ட அட்மிரல் 1919 மார்ச்சில் தம் ஜாகையை வேறொரு கப்பலுக்கு மாற்றிக்கொண்டார். அந்தக் கப்பலின் பெயர் எம்டன்.

இந்தப் பெயரைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தான் என் மைத்துனன். "நம்ம எம்டனா?" என்றான். நம்முடைய எம்டன் 1914 செப்டம்பர் 22-ஆம் தேதி இரவு சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுக் கொளுத்திவிட்டு, அதே வருஷம் நவம்பரில் கோக்கோஸ் தீவில் தரைதட்டி முடிந்துபோயிற்று. அதன் ஞாபகமாக ஜெர்மானியர் அதே பெயரில் இன்னொன்று கட்டினார்கள். அதுதான் இது. முதல் எம்டன் வந்துபோன ஒரே இரவில் சென்னைவாசிகள் பாதிப் பேர் ஊரைக் காலி செய்தார்கள் என்று என் பாட்டி சொல்வாள். நம் பாஷைக்கு அது கொடுத்துவிட்டுப் போன வார்த்தை இன்னும் இருக்கிறது. காரியக்காரனை 'சரியான எம்டன்' என்கிறோம். ராய்ட்டர் இரண்டாவது எம்டனில் உட்கார்ந்து செய்த காரியமும் அந்த வார்த்தைக்குப் பொருந்தியதுதான்.

அவருக்கு வெளியுலகச் செய்தி நேரே வராது. நாலு நாள் பழைய லண்டன் பத்திரிகை கிடைக்கும். அதைப் படித்துவிட்டு, 1919 ஜூன் 21-ஆம் தேதி நண்பகலோடு போர் நிறுத்தக் கெடு முடிகிறது என்று அவர் நம்பினார். கெடு இரண்டு நாள் நீட்டப்பட்டிருந்தது அவருக்குத் தெரியாது. அன்று காலை, காவலுக்கு இருந்த பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் பயிற்சிக்காகக் கடலுக்குப் போயிருந்தன. எம்டனிலிருந்து சமிக்ஞைக் கொடி ஏறிற்று. எல்லாக் கப்பல்களிலும் அடித்தள வால்வுகளைத் திறந்துவிட்டார்கள். வட்ட ஜன்னல்களையும் உள்கதவுகளையும் திறந்து வைத்தார்கள். மறுபடி மூடமுடியாதபடி கைப்பிடிகளைக் கழற்றிக் கடலில் எறிந்தார்கள்.

அதே நாள் ஸ்ட்ராம்னஸ் ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை, ஜெர்மன் கப்பல்களைக் காட்டுவதற்காக ஒரு படகில் ஏற்றி அழைத்துப் போயிருந்தார்கள். பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கப்பல்கள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன; சில குப்புறக் கவிழ்ந்தன; சில மூக்கை மேலே தூக்கிக்கொண்டு இறங்கின. உல்லாசப் பயணத்துக்குப் போன குழந்தைகளுக்கு இப்படி ஒரு காட்சி உலகத்தில் வேறெங்கும் கிடைத்திருக்காது. பகல் பன்னிரண்டே காலுக்குப் 'ப்ரீட்ரிஷ் டெர் க்ரோஸெ' முதலில் போயிற்று. மாலை ஐந்து மணிக்கு 'ஹிண்டன்பர்க்' கடைசியாகப் போயிற்று. 74-இல் 52 கப்பல்கள் அடியில். மற்றவற்றைப் பிரிட்டிஷார் எப்படியோ கரைக்கு இழுத்துத் தட்டவைத்தார்கள். எம்டனும் அப்படித் தப்பியதுதான். கலவரத்தில் ஜெர்மானியர் ஒன்பது பேர் சுடப்பட்டு இறந்தார்கள். யுத்தம் நின்று ஏழு மாதம் கழித்து, கப்பலை மூழ்கடித்ததற்காக ஒன்பது உயிர். இதை எழுதும்போது என் பேனா கொஞ்சம் நிற்கிறது.

வெளியே பிரிட்டனுக்கு ஒரே கோபம். உள்ளுக்குள் கடற்படைப் பெரியவர்களில் சிலருக்கு நிம்மதி என்றுதான் சரித்திரக்காரர்கள் எழுதுகிறார்கள். பங்கு கேட்டு நின்றவர்களுக்குக் கொடுக்கப் பாத்திரமே இல்லை என்றால் பங்காளிச் சண்டை ஏது?

கப்பல்கள் அங்கேயே கிடந்து துருப்பிடிக்கட்டும் என்று கடற்படை இலாகா விட்டுவிட்டது. யுத்தம் முடிந்த புதிதில் பழைய இரும்பு மலையாகக் குவிந்து கிடந்தது. கடலுக்கடியில் இருக்கும் இரும்பை யார் சீந்துவார்கள்? இரண்டு மூன்று வருஷத்தில் இரும்பு விலை ஏறிற்று. உள்ளூர்க்காரர்களும், எங்கள் படகுகள் இந்தக் கப்பல்கள்மேல் போய் மோதுகின்றன என்று குறைப்பட்டார்கள். இலாகாவுக்கு அப்போதுதான் விற்கலாம் என்ற எண்ணம் வந்தது.

இந்த இடத்தில் நம் கதாநாயகர் வருகிறார். எர்னஸ்ட் காக்ஸ். பதின்மூன்று வயதோடு படிப்பை நிறுத்தியவர். மின்சார வேலை கற்று முன்னுக்கு வந்தவர். யுத்த காலத்தில் குண்டு செய்து கொடுத்துக் காசு பார்த்தவர். யுத்தத்துக்குப் பிறகு பழைய இரும்பு வியாபாரம். நம் ஊர் வழக்கில் சொன்னால் காயலான்கடை முதலாளி. கொஞ்சம் பெரிய காயலான்கடை, அவ்வளவுதான். போர்க்கப்பல்களையே வாங்கி உடைத்துக்கொண்டிருந்தார். ஜெர்மனியின் மிதக்கும் துறை ஒன்றை அவர் விலைக்கு வாங்கியிருந்தார். அதன்மேல் நீர்மூழ்கிகளைச் சோதிப்பதற்காக வைத்திருந்த பெரிய உருளையை வெட்டி விற்றாகிவிட்டது. துறை மட்டும் சும்மா கிடந்தது. சும்மா கிடக்கும் பொருளைப் பார்த்தால் காயலான்கடைக்காரருக்குத் தூக்கம் வராது. டென்மார்க் தேசத்து வியாபாரி ஒருவர், அதை வைத்து ஸ்காப்பாவில் கிடக்கும் நாசகாரிகளைத் தூக்கலாமே என்று பேச்சுவாக்கில் சொல்லிவைத்தார்.

காக்ஸ் தம் வாழ்நாளில் ஒரு தோணியைக்கூடக் கடலடியிலிருந்து தூக்கியதில்லை. ஆனாலும் 1924-இல் கடற்படை இலாகாவிடம் 24,000 பவுனுக்கு 26 நாசகாரிகளையும் இரண்டு பெரிய போர்க்கப்பல்களையும் வாங்கிவிட்டார். அந்த இரண்டு, ஹிண்டன்பர்க்கும் ஸெய்ட்லிட்ஸும். ஹிண்டன்பர்க் மட்டும் 28,000 டன்! ஒரு டன் என்ன விலை விழுந்தது என்று என் மைத்துனன் மனக்கணக்குப் போட்டான். நாசகாரிகளை எல்லாம் இனாமாக விட்டு, ஹிண்டன்பர்க் ஒன்றுக்கே முழு விலையும் கொடுத்ததாக வைத்தாலும், டன்னுக்கு ஒரு பவுன்கூட விழவில்லை. அவன் கண் பிரகாசித்தது.

"பாத்தீங்களா! நான் சொன்னேன்ல?"

"கேள்" என்றேன்.

காக்ஸ் செய்த முதல் காரியம், மிதக்கும் துறையை இரண்டாக வெட்டியது. மூழ்கிய கப்பலுக்கு இந்தப் பக்கம் ஒரு பாதி, அந்தப் பக்கம் ஒரு பாதி. நடுவில் கப்பலின் வயிற்றுக்கு அடியில் சங்கிலிகளைக் கோத்து, துறையின்மேல் வரிசையாக வைத்திருந்த விஞ்சுகளைக் கையாலேயே சுற்றி இறுக்க வேண்டும். கடல் ஏற்றத்தின்போது துறை மேலே எழும்பும். கப்பலும் கூட எழும்பும். அப்படியே ஆழம் குறைந்த இடத்துக்கு நகர்த்தி, வற்றத்தில் மறுபடி இறுக்க வேண்டும். சந்திரன் தூக்குகிறான், காக்ஸ் கணக்கு எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

சங்கிலிக்குச் செலவு செய்ய மனமில்லாமல் பழைய நங்கூரச் சங்கிலிகளையே போட்டார். பாதி தூக்கும்போது சங்கிலி படீரென்று அறுந்தது. இரும்புத் துண்டுகள் ஆட்களின் தலைக்கு மேல் பறந்தன. தெய்வாதீனமாக யாருக்கும் காயமில்லை. அதற்கப்புறம்தான் ஒன்பது அங்குலச் சுற்றளவுள்ள எஃகு வடம் வாங்கினார். 1924 ஆகஸ்டு முதல் தேதி வி-70 என்ற நாசகாரி மேலே வந்தது.

வந்த கப்பலைப் பார்த்ததும் காக்ஸ் முகம் எப்படி இருந்திருக்கும் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. வெண்கலத்தில் செய்த டார்ப்பிடோக் குழாய்கள் நல்ல விலை போகும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தார். குழாய்களைக் காணவில்லை! யாரோ கடலுக்கடியிலேயே கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். இரும்புக்காவது விலை கிடைக்குமா என்றால், அதற்குள் சந்தை இறங்கிவிட்டது. அந்த முதல் கப்பலை அவர் விற்கவே இல்லை. ஒட்டுப்போட்டு மிதக்கவிட்டுத் தம் தச்சர்களுக்குப் பட்டறையாக்கிக் கொடுத்துவிட்டார்.

என் மைத்துனன் மெதுவாக, "எஞ்சின் பத்திரமா இருக்குன்னுதான் சொன்னாங்க" என்றான். "நீ பார்த்தாயா?" என்றேன். பேசவில்லை.

காக்ஸிடம் ஒரு குணம் இருந்தது. தோற்ற இடத்தில் கற்றுக்கொள்வார். கற்றுக்கொண்ட வேகத்தில் செலவும் செய்வார். மக்கென்ஸி, மக்கியோன் என்று கெட்டிக்கார உதவியாளர் இருவர் வாய்த்தார்கள். கை பழகப் பழக வேலை ஓடியது. 1926 மே மாதத்துக்குள் 26 நாசகாரிகளும் மேலே வந்துவிட்டன. அந்த வருஷம் இங்கிலாந்தில் பெரிய வேலைநிறுத்தம். நிலக்கரி கிடைக்கவில்லை, பம்புகள் நின்றுபோகும் நிலைமை. ஸெய்ட்லிட்ஸ் ஒருக்களித்துப் படுத்து, அதன் ஒரு பக்கம் தண்ணீருக்கு வெளியே தெரிந்துகொண்டிருந்தது. அதன் பக்கச் சுவரை உடைத்து, உள்ளே ஜெர்மானியர் நிரப்பி வைத்திருந்த கரியை வாரி எடுத்து வேலையை நடத்தினார். வாங்கிய சரக்கே விறகு கொடுத்த அதிசயம்! இதைச் சொன்னபோது மைத்துனன் வாய்விட்டுச் சிரித்தான்.

சிரிக்க முடியாத பகுதி ஹிண்டன்பர்க். அது கவிழாமல் நேராக உட்கார்ந்திருந்தது. ஓட்டைகளை அடைத்துத் தண்ணீரை இறைத்துவிட்டால் தானே மிதக்கும் என்பது திட்டம். ஓட்டை ஒன்றா இரண்டா? 800. ஒவ்வொன்றுக்கும் மரத்திலும் இரும்பிலும் மூடி செய்து, முக்குளிப்பவர்கள் இறங்கிப் பொருத்தினார்கள். இடுக்குகளில் மாட்டுக் கொழுப்பைத் திணித்தார்கள். தண்ணீரை இறைத்தார்கள், ஒழுகிற்று. மறுபடி இறைத்தார்கள், மறுபடி ஒழுகிற்று. கீழே போய்ப் பார்த்தால், சின்ன மீன்கள் கூட்டமாக வந்து கொழுப்பைத் தின்றுகொண்டிருந்தன! காக்ஸ் அதில் சிமெண்டைக் கலக்கச் சொன்னார். மீன்கள் பந்தியை விட்டு எழுந்து போயின. ஆனால் கப்பல் மேலே வரும்போதெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது; புயலும் சேர்ந்துகொண்டது. கடைசியில் கைவிட்டார். அந்த ஒரு முயற்சியில் போன பணம் 30,000 பவுன். 28 கப்பல்களையும் வாங்கிய விலை 24,000 என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இந்தத் தொகையைப் பாருங்கள். மூழ்கிய பொருளுக்கு விற்கிறவன் சொல்வது ஒரு விலை. கடல் சொல்வது வேறு விலை. இரண்டாவதைத்தான் யாரும் முன்கூட்டிக் கேட்டுக்கொள்வதில்லை.

வேறு யாராக இருந்தாலும் ஊருக்குத் திரும்பியிருப்பார்கள். இவர் புதிதாக மோல்ட்கேயைத் தூக்கப் புறப்பட்டார். அது தலைகீழாகக் கவிழ்ந்து கிடந்தது. தண்ணீரை இறைப்பதற்குப் பதிலாக, உள்ளே காற்றை அழுத்தித் தண்ணீரைக் கீழே தள்ளிவிட்டால் கவிழ்த்த பாத்திரம் போல மேலே வந்துவிடும் அல்லவா? பழைய கொதிகலன்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திக் குழாய்க் கிணறு போலச் செய்து கப்பலின் அடிப்பாகத்தில் நிறுத்தினார்கள். அதன் வழியாக ஆட்கள் இறங்கி, தரை கூரையாகவும் கூரை தரையாகவும் இருக்கும் இருட்டில், அழுத்தக் காற்றில் நின்று வேலை செய்தார்கள். 1927 ஜூனில் மோல்ட்கே எழுந்தது.

அதைத் தலைகீழாகவே தெற்கே ராஸைத் வரையில் இழுத்துப் போனார்கள். 1928 மே மாதம். கவிழ்ந்த அடிப்பாகத்தின்மேல் குடிசைகள் போட்டு ஆட்கள் குடியிருந்தார்கள். வழியில் புயல், உள்ளேயிருந்த காற்று கசியக் கசியக் கப்பல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. எல்லாம் தாண்டித் துறைமுகத்தை நெருங்கினால், வழிகாட்ட இரண்டு மாலுமிகள் வந்து சேர்ந்தார்கள். ஒருவர் இலாகா ஆள், ஒருவர் அந்த ஆற்றுமுகத்து ஆள். யார் கப்பலை நடத்துவது என்று இருவரும் தர்க்கம் செய்துகொண்டிருந்த நேரத்தில், எதிரே ஒரு பாறைத் தீவு வந்துவிட்டது. இழுவைக் கப்பல்கள் தீவுக்கு ஒரு பக்கமாகப் போக, மோல்ட்கே மறுபக்கமாகப் போயிற்று. கயிற்றை விட வேண்டியதாயிற்று. முன்னால் இருப்பதோ போர்த் பாலம். இருபத்து மூவாயிரம் டன் இரும்பு, பிடிப்பார் இல்லாமல், நீரோட்டத்தோடு பாலத்தின் அடியில் நுழைந்து, எதிலும் உரசாமல் மறுபக்கம் வந்து சேர்ந்தது. சில சமயம் வழிகாட்டிகள் இல்லாத நேரத்தில்தான் காரியம் ஒழுங்காக நடக்கிறது.

பிறகு ஸெய்ட்லிட்ஸ், கெய்ஸர், ப்ரெம்ஸெ என்று ஒவ்வொன்றாக எழுந்தன. 1930 ஜூலை 22-ஆம் தேதி, நாலு வருஷம் முன்பு தோற்கடித்த ஹிண்டன்பர்க்கையும் தூக்கிக் காட்டினார். அது சாயாமல் இருக்க, ஒரு நாசகாரியின் துண்டை வெட்டி, அதில் கான்கிரீட்டை நிரப்பி, கப்பலுக்கு அடியில் முட்டுக்கொடுத்திருந்தார். நம் வீட்டில் ஆடும் மேஜைக்காலுக்கு அட்டையை மடித்து வைப்பதில்லையா, அதேதான். 1931-இல் கடைசியாக எழுந்த ப்ரின்ஸ்ரெகென்ட் லுயிட்போல்டில், தேங்கியிருந்த வாயு வெடித்து ஒரு தொழிலாளி இறந்தார். காக்ஸ் அத்தோடு ஸ்காப்பாவை விட்டு வெளியேறினார். எட்டு வருஷம், 33 கப்பல்கள். கணக்கைக் கூட்டிப் பார்த்தால் சுமார் 10,000 பவுன் நஷ்டம்.

அவர் பின்னால் வந்த கம்பெனிக்கு அவர் கற்ற பாடங்களும் மக்கென்ஸியும் கிடைத்தார்கள். அது 1939-க்குள் மேலும் ஆறு பெரிய கப்பல்களைத் தூக்கியது. இது உலக வழக்கம்தான். காட்டை வெட்டுகிறவன் ஒருவன், வாழை வைக்கிறவன் இன்னொருவன்.

ஏழு கப்பல்கள் இன்றும் அங்கேதான் கிடக்கின்றன. 1945-க்குப் பிறகு அவற்றுக்குப் புது மதிப்பு ஒன்று வந்தது. அணுகுண்டுகள் வெடித்ததிலிருந்து காற்றில் கதிரியக்கத் தூசு கலந்துவிட்டது. உருக்கும்போது காற்று சேர்ந்ததால் புது எஃகிலும் அது ஏறிவிட்டது. நுட்பமான கதிர் அளக்கும் கருவிகளுக்கு, அதற்கு முன்பே செய்யப்பட்ட எஃகு வேண்டியிருந்தது. அந்தக் கருவிகளுக்காக ஸ்காப்பாவில் முங்கிக் கிடந்த இரும்பையும் வெட்டியெடுத்திருக்கிறார்கள்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு என் மைத்துனன் நீண்ட நேரம் பேசாமல் இருந்தான். அன்றிரவு சாப்பிடும்போது, "வேண்டாம் அத்தான். சங்கிலி கழுத்துலேயே இருக்கட்டும்" என்றான். அவன் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் என் இலையில் மட்டும் இரண்டாவது வடை விழுந்தது.

அதே 2019-இல், கப்பல்கள் மூழ்கி நூறு வருஷம் ஆன சமயத்தில், ஒரு செய்தி படித்தேன். மிச்சமிருக்கும் ஏழில் நாலு, இன்டர்நெட் ஏலக் கடையான ஈபேயில் விலைக்கு வந்து விற்றுப்போயின. பெரிய போர்க்கப்பல்கள் மூன்றை, ஒவ்வொன்று 25,500 பவுனுக்கு, மத்திய கிழக்கு தேசத்துக் கம்பெனி ஒன்று வாங்கிற்று. கார்ல்ஸ்ரூஹெ என்ற க்ரூஸரை இங்கிலாந்தில் யாரோ ஒருவர் 8,500 பவுனுக்கு வாங்கினார். 2001 முதல் அவை பாதுகாக்கப்பட்ட புராதனச் சின்னங்கள். அனுமதி இல்லாமல் ஓர் ஆணியைக்கூட எடுக்க முடியாது. வாங்கியவர் முங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். அந்தச் சுகம் வாங்காதவர்களுக்கும் உண்டு.

இதை என் மைத்துனனுக்கு டெலிபோனில் சொன்னேன். ரசிப்பான் என்று நினைத்தேன்.

"அது கெடக்கட்டும் அத்தான்" என்றான். "அந்தப் படகை நம்ம தெருக்காரர் ஒருத்தர் வாங்கிட்டாரு. எஞ்சினைப் பிரிச்சுக் கழுவி மாட்டி, அடியில ரெண்டு இடத்துல ஒட்டுப் போட்டாரு. நாலு மாசமா தொழிலுக்குப் போய்க்கிட்டிருக்காரு. நேத்துக்கூட நல்ல பாடு."